ரிசல்ட் வருமுன் கல்லூரிக்கு அட்வான்ஸ் கட்டலாமா?

கேள்வி: மகள் கடலூர் பக்கத்தில் அரசு மேல்நிலைப் பள்ளியில் +2 படிக்கிறாள். ஜனவரியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரிக்காரர்கள் பள்ளிக்கு வந்து பேசிவிட்டு எல்லாப் பிள்ளைகளிடமும் போன் நம்பர் எழுதி வாங்கிப் போனார்கள். இப்போது தினம் போன். “ரிசல்ட்டுக்கு முன்னால் 10,000 ரூபாய் கட்டினால் கட்டணத்தில் பாதி தள்ளுபடி, ரிசல்ட் வந்துவிட்டால் சீட் இருக்காது, டி.சி. வந்ததும் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்” என்கிறார்கள். புதுச்சேரியிலிருந்தும் இரண்டு கல்லூரிகள் கூப்பிடுகின்றன. கட்டலாமா?

பதில்:

கட்டாதீர்கள். டி.சி.யையும் கொடுக்காதீர்கள்.

போனால் பத்தாயிரம்தானே, சீட் கையில் இருக்கட்டும் என்று பலர் கட்டிவிடுகிறார்கள். போவது பத்தாயிரத்தோடு நிற்பதில்லை. போனில் பேசுகிறவர் உங்களுக்குத் தரக்கூடியது நிர்வாக ஒதுக்கீட்டு இடம், அதாவது மேனேஜ்மென்ட் சீட் மட்டும்தான். அரசு ஒதுக்கீட்டு இடத்தைக் கொடுக்கும் அதிகாரம் எந்தக் கல்லூரிக்கும் கிடையாது. அது தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில்தான் கிடைக்கும். எந்த வாசல் வழியாக உள்ளே போனாள் என்பதை வைத்துத்தான் உங்கள் மகளுக்கு வரவேண்டிய சலுகைகள் எல்லாம் வரும், அல்லது வராமல் போகும்.

அவள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியலுக்கு அது 2021-ல் சட்டமானது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதி, பேருந்து எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டும்தான். குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சலுகை, ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை. இதுவும் கலந்தாய்வுக்காரர்களுக்குத்தான். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் (பெற்றோர் வருமானம் 2.5 லட்சத்துக்குள்) மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தவர்களுக்கு இடமில்லை என்று மத்திய அரசின் 2018 நெறிமுறை சொல்கிறது. “ஸ்காலர்ஷிப் எல்லாம் நாங்க வாங்கித் தருவோம் சார்” என்று போனில் சொல்கிறவர் இந்த மூன்றையும் சொல்லமாட்டார்.

கணக்காகவே பாருங்கள். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017-ல் வகுத்த அளவு: அரசு ஒதுக்கீட்டுக்கு ஆண்டுக்கு 50,000, என்.பி.ஏ. தர அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 87,000. அங்கீகாரம் பெற்ற பிரிவில் நான்கு ஆண்டுக்கு அரசு ஒதுக்கீட்டில் 2,20,000. முதல் பட்டதாரிச் சலுகை முழுதாகக் கிடைத்தால் 1,20,000. அதே வகுப்பில், அதே பெஞ்சில், மேனேஜ்மென்ட் சீட்டில் உட்கார்ந்தால் 3,48,000. வித்தியாசம் 2,28,000 ரூபாய். 7.5 விழுக்காட்டில் போயிருக்க வேண்டிய பிள்ளை என்றால் 3,48,000-மும் வீண். இது குழு வகுத்த கட்டணத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. பஸ், புத்தகம், சீருடை, பிளேஸ்மென்ட் பயிற்சி என்று ரசீது கிழிப்பது இதற்கு மேல்.

“ரிசல்ட் வந்தால் சீட் இருக்காது” என்பதற்கு வருகிறேன். சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரி தன் இடங்களில் 65 விழுக்காட்டைக் கலந்தாய்வுக்குக் கொடுத்தாக வேண்டும். சிறுபான்மைக் கல்லூரி 50 விழுக்காடு. அவற்றை மார்ச்சில் யாருக்கும் விற்க முடியாது. உங்கள் அட்வான்ஸ் போய்ச் சேர்வது மீதி 35 விழுக்காட்டுக்கு. ஆண்டுதோறும் பொதுக் கலந்தாய்வு முடிந்து, துணைக் கலந்தாய்வும் முடிந்த பிறகு மாநிலம் முழுக்கப் பல்லாயிரம் பொறியியல் இடங்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன. முதல் சுற்றிலேயே நிரம்பும் கல்லூரிகளும் உண்டுதான். அவை கடலூர்க் கிராமத்து வீட்டுக்குத் தினம் போன் போட்டுக்கொண்டிருப்பதில்லை.

பிறகு ஏன் இவ்வளவு அவசரம்? காலண்டரைப் பாருங்கள். மார்ச்சில் தேர்வு முடிகிறது. மே முதல் பத்து நாளுக்குள் ரிசல்ட் வருகிறது, அதை ஒட்டியே கலந்தாய்வுப் பதிவும் தொடங்கிவிடும். தரவரிசை வந்து சுற்றுகள் ஓடுவது ஜூலைக்கு மேல். மே வரை பெற்றோருக்கு மதிப்பெண் தெரியாது, அதற்குப் பிறகும் ஜூலை வரை தரவரிசை தெரியாது, எந்தக் கல்லூரி கிடைக்கும் என்றும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அவர்களுக்கு முதலீடு. மகளின் கட்-ஆஃப் தெரிந்துவிட்டால் நீங்கள் பேரம் பேசுவீர்கள், அல்லது போனையே எடுக்கமாட்டீர்கள்.

போன் செய்கிறவர் பெரும்பாலும் கெட்ட மனிதர் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பல சுயநிதிக் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர்களுக்கே ‘இத்தனை அட்மிஷன்’ என்று டார்கெட் வைத்து, மார்ச் முதல் ஜூன் வரை ஊர் ஊராக அனுப்புகிறார்கள். டார்கெட் முடியாவிட்டால் சம்பளம் நிற்கும். அதற்கு வெளியே தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் ஏஜென்டுகள். டியூஷன் சென்டர், ஜெராக்ஸ் கடை, சில இடங்களில் பள்ளியைச் சேர்ந்தவர்களேகூட இந்தச் சங்கிலியில் இருப்பார்கள். அமெரிக்காவில் லாபத்துக்காகவே கல்லூரி நடத்தச் சட்டம் இடம் தருகிறது. அங்கேகூட, மத்திய அரசின் மாணவர் நிதியுதவி பெறும் கல்லூரிகள் ஆள் பிடிப்பவருக்குத் தலைக்கணக்கில் கமிஷன் கொடுக்கக் கூடாது என்று 1992-லேயே தடை போட்டார்கள். தடை இருந்தும் கொரிந்தியன் என்ற பெரிய கல்லூரிக் குழுமம் பொய் வேலைவாய்ப்புக் கணக்கைக் காட்டிப் பிள்ளைகளைச் சேர்த்து 2015-ல் இழுத்து மூடியது. அதில் படித்தவர்களின் கடன் 580 கோடி டாலரை 2022-ல் அந்த நாட்டு அரசு தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. நம் ஊரில் ‘லாபத்துக்கான கல்லூரி’ என்று சட்டப்படி ஒன்று கிடையாது. எல்லாமே டிரஸ்ட், சொசைட்டி. நியாயமான உபரி இருக்கலாம், கொள்ளை லாபமும் கட்டாய நன்கொடையும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் சொன்னது. கட்டாய நன்கொடைக்குத் தடை போட்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. அதனால்தான் பணம் ‘டொனேஷன்’ என்ற பெயரில் வராமல் வேறு வேறு பெயர்களில் வருகிறது.

இந்தப் பெயர்களில் முதலாவது ‘ஸ்காலர்ஷிப்’. பள்ளியிலோ மண்டபத்திலோ அரை மணி நேரம் ஒரு தேர்வு வைப்பார்கள். எழுதின எல்லாருக்கும் 25, 50, 75 என்று ஏதாவது ஒரு விழுக்காடு விழும். ஒன்றும் கிடைக்காத பிள்ளை இருக்காது. எதில் 50 விழுக்காடு என்று கேளுங்கள். மொத்தக் கட்டணத்தில் அல்ல, டியூஷன் கட்டணத்தில் மட்டும் என்பார்கள். எத்தனை ஆண்டுக்கு என்று கேட்டால் முதல் ஆண்டுக்கு. அடுத்த ஆண்டு தொடர, ஓர் அரியர்கூட இல்லாமல் இருக்க வேண்டும், வருகை இத்தனை விழுக்காடு வேண்டும் என்று நிபந்தனை. முதலில் ஏற்றிச் சொன்ன 1,50,000-ல் பாதியைக் குறைத்தால் 75,000. அரசு ஒதுக்கீட்டுக் கட்டணமோ 55,000. தள்ளுபடி போகக் கொடுப்பது தள்ளுபடி இல்லாத கட்டணத்தைவிட அதிகம். தள்ளுபடி உண்மை என்றால் நான்கு ஆண்டுக்கும் ஆண்டுவாரியாக, தலைப்புவாரியாகக் கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் முதல்வர் கையெழுத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் உரையாடல் அத்தோடு முடிந்துவிடும்.

அடுத்த வலை இன்னும் நுட்பமானது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் குறிவைப்பது. “சரி சார், மேனேஜ்மென்ட் வேண்டாம், நாங்களே கவுன்சலிங் போட்டுத் தர்றோம், ஒரு பைசா வேண்டாம்” என்பார்கள். பிள்ளையை வேனில் அழைத்துப் போய்ப் பதிவு செய்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அவர்களே வைத்துக்கொள்வார்கள். எந்தெந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்ற விருப்பப் பட்டியலை நிரப்பும் நாளில் ஓ.டி.பி. கேட்டு ஒரு போன் வரும். பட்டியலில் அவர்கள் கல்லூரியின் நான்கு பிரிவுகள் மட்டுமே இருக்கும். 180 கட்-ஆஃப் வாங்கின பிள்ளை 110-க்கு இடம் கிடைக்கும் கல்லூரியில் போய் விழுவது இப்படித்தான். 7.5 விழுக்காட்டுப் பிள்ளை என்றால் கட்டணம் அரசிடமிருந்து வருமல்லவா, அதற்காகத்தான் இந்த உபசாரம். கடவுச்சொல், ஓ.டி.பி. இரண்டும் உங்கள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. பதிவில் கொடுக்கும் கைபேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும். வீட்டில் கணினி இல்லையென்றால் மாவட்டத்திலேயே சேர்க்கைச் சேவை மையங்கள் இருக்கின்றன, அங்கே இலவசமாகப் பதிவேற்றித் தருவார்கள். பதிவுக் கட்டணம் சமீப ஆண்டுகளில் 500 ரூபாய், ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 250.

ரிசல்ட் வந்த அன்றே கட்-ஆஃப்பை நீங்களே போட்டுவிடலாம். கணக்கு மதிப்பெண் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி; மொத்தம் 200-க்கு. கணக்கு 90, இயற்பியல் 80, வேதியியல் 84 என்றால் 90 + 40 + 42 = 172. கடந்த ஆண்டு எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு எந்த மதிப்பெண்ணோடு கதவு மூடியது என்ற பட்டியல் கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கும். கல்லூரியைப் பெயரை வைத்துத் தேடாமல் நான்கு இலக்கக் குறியீட்டு எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே மாதிரிப் பெயர்கள் நிறைய. விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். ஆசைப்படும் வரிசையில் போடுங்கள், கிடைக்கும் என்று நினைக்கும் வரிசையில் அல்ல.

கல்லூரியை எடைபோட, அவர்கள் கொடுத்த வழவழப்பான புத்தகத்தை ஓரமாக வையுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் பருவத் தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரியின் எண்ணை அதோடு ஒப்பிடாதீர்கள். கேள்வித்தாளும் அவர்களுடையது, திருத்துவதும் அவர்களே. ‘100 விழுக்காடு வேலைவாய்ப்பு’ என்றால் மூன்று கேள்வி: அந்தப் பிரிவில் கடைசி ஆண்டில் படித்தவர் எத்தனை பேர், அதில் வேலைக் கடிதம் வாங்கினவர் எத்தனை பேர், அவர்களின் நடுச் சம்பளம் (சம்பள வரிசையில் சரியாக நடுவில் நிற்பவர் வாங்குவது) என்ன. ஒரே பிள்ளை நான்கு கம்பெனியில் தேர்வானால் நான்கு என்று எண்ணுவதும், ‘அதிகபட்சச் சம்பளம்’ என்று ஒருவர் வாங்கினதை பேனரில் போடுவதும் பழைய கதை. பொறியியல் படிப்புகளுக்கு அனுமதி கொடுக்கும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அந்த ஆண்டு அனுமதிக் கடிதம் வேண்டும் என்றும் கேளுங்கள். அதில் பிரிவின் பெயரும் இட எண்ணிக்கையும் இருக்கும். புதிதாகக் கவர்ச்சிப் பெயரோடு தொடங்கும் பிரிவுகள் சில சமயம் அனுமதிக்கு விண்ணப்பித்த நிலையிலேயே விற்கப்படுகின்றன. 2024-25 முதல் பி.சி.ஏ., பி.பி.ஏ. படிப்புகளும் ஏ.ஐ.சி.டி.இ. வரம்புக்குள் வந்துவிட்டன.

புதுச்சேரிக் கல்லூரிகள் விஷயம் தனி. கடலூரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான், காலையில் கல்லூரிப் பேருந்து நெல்லிக்குப்பம் வரை வந்து நிற்கிறது, ஆகவே உள்ளூர் மாதிரித்தான் தோன்றும். கன்னியகோவிலைத் தாண்டினால் வேறு அரசு. தமிழ்நாட்டுக் கலந்தாய்வு அங்கே செல்லாது, 7.5 விழுக்காடும் தமிழ்நாட்டு முதல் பட்டதாரிச் சலுகையும் அங்கே கிடையாது. அங்கே அரசு இடங்கள் புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக நிரம்புகின்றன, அவை முதன்மையாகப் புதுச்சேரிக் குடியிருப்புச் சான்று உள்ளவர்களுக்கு. கடலூர்ப் பிள்ளைக்கு அங்கிருந்து வரும் போன் அநேகமாக முழுக் கட்டண இடத்துக்குத்தான். புதுச்சேரிப் பெற்றோருக்கும் இதையே திருப்பிச் சொல்லலாம்: விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துக் கல்லூரியில் நேரடியாகச் சேர்த்தால், சென்டாக் வழியாகச் சேர்ந்தவர்களுக்கான காமராஜர் நிதி உதவி போய்விடும். அங்கே அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.-க்கு மாறிவிட்டதால் ரிசல்ட் வரும் நாளும் நம் நாளும் ஒன்றல்ல. “உங்களுக்கு முன்னாடி அவங்க சேர்ந்துடுவாங்க” என்று அதையும் ஒரு பயமாகக் காட்டுவார்கள். சென்டாக் வரிசை வேறு, நம் வரிசை வேறு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இரு பக்கமும் எந்தப் பொறியியல் கலந்தாய்விலும் வராது, கட்டணமும் அவர்கள் வைத்ததுதான்.

பொறியியலே வேண்டும் என்று இல்லையென்றால், தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரி, விருத்தாசலத்தில் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இருக்கின்றன. அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் ஐம்பது ரூபாய் அளவில் விண்ணப்பித்துவிடலாம், ஆண்டுக் கட்டணமும் சில ஆயிரத்துக்குள். அவற்றுக்கு விளம்பரப் பிரிவு கிடையாது, யாரும் போன் செய்யமாட்டார்கள். நீங்கள்தான் தேதி பார்த்துப் போட வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நர்சிங், பாராமெடிக்கல் என்று கூப்பிட்டால் இன்னும் கவனம். “ஒரு வருஷ நர்சிங், உடனே ஆஸ்பத்திரி வேலை” என்பது செவிலியராகப் பதிவு பெறும் படிப்பு அல்ல. மாநில செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய டிப்ளமா அல்லது பி.எஸ்சி. நர்சிங் வேண்டும், அதுவும் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில். பார்மசிக்கு பார்மசி கவுன்சிலின் அனுமதி. வெளிமாநிலக் கல்லூரிக்கு ஏஜென்ட் பேசினால், அந்த மாநிலத்தில் படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் பதிவு கிடைக்குமா என்று இங்குள்ள கவுன்சிலில் கேட்காமல் ஒரு ரூபாயும் எடுக்காதீர்கள்.

டி.சி. விஷயம். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் போட்ட விதிப்படி எந்தக் கல்லூரியும் ஒரிஜினல் சான்றிதழைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது; சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். நடப்பில், ஒரிஜினல் அவர்கள் பீரோவில் இருக்கும்வரை நீங்கள் வேறு எங்கும் போக முடியாது என்பதுதான் அவர்களுக்குத் தேவை. மதிப்பெண் பட்டியலையாவது மறுபடி தரவிறக்கலாம், டி.சி. ஒன்றுதான். பள்ளியில் வாங்கின அன்றே இரு பக்கமும் ஸ்கேன் செய்து, பத்து நகல் எடுத்து, ஒரிஜினலைப் பெட்டியில் வையுங்கள். யாராவது நேராகப் பள்ளிக்கே போய் வாங்கிவிடாதபடி, பெற்றோர் கையில் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் ஒரு கடிதமும் கொடுத்துவிடுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் இ-சேவை மையத்தில் ஏப்ரலிலேயே போட்டுவிட வேண்டும், ஒவ்வொன்றும் 60 ரூபாய். மே மாதம் கிராம நிர்வாக அலுவலர் முதல் தாசில்தார் வரை எல்லார் மேசையிலும் குவிந்துகிடக்கும். சான்று வராததாலேயே “இப்போதைக்கு மேனேஜ்மென்ட்ல போட்டுடலாம்” என்று சம்மதிக்கிற குடும்பங்கள் உண்டு.

தெருவில் யாராவது ஏற்கெனவே கட்டிவிட்டார்கள் என்றால், பணம் திரும்ப வாங்க வழி இருக்கிறது. அதே 2018 விதி: அறிவிக்கப்பட்ட சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால் முழுப் பணமும், அதில் 5 விழுக்காடு அல்லது 5,000, எது குறைவோ அதை மட்டும் பிடிக்கலாம். அதற்குப் பிறகு கடைசி நாள்வரை 90 விழுக்காடு, கடைசி நாள் தாண்டி 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, அப்புறம் ஒன்றுமில்லை. 2024-25-ல் இன்னும் தளர்த்தி, செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத்தொகை, அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய் மட்டும் பிடித்தம் என்று அறிவித்தார்கள். மார்ச்சில் கட்டின 10,000-ஐ ஜூனில் கேட்டால் பழைய கணக்கிலேயே பிடிக்கக்கூடியது 500 ரூபாய்தான்.

இதில் மாட்டிக்கொள்வது ரசீதில். பணம் கட்டும்போது கல்லூரி பெயரில், ‘கல்விக் கட்டணம்’ என்று போட்ட ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்குக் கிடைப்பது டிரஸ்ட் பெயரில் ‘நன்கொடை’ ரசீது, அல்லது ‘விண்ணப்பக் கட்டணம்’ என்று ஒரு துண்டுச்சீட்டு. சிலருக்கு அதுவும் இல்லை, கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் யாரோ ஒரு பி.ஆர்.ஓ.வின் சொந்த எண்ணுக்கு ஜி-பே. நன்கொடை என்று எழுதிவிட்டால் ‘கட்டணத்தைத் திருப்பிக் கொடு’ என்று கேட்பதே சிக்கல். அப்படிக் கட்டியிருந்தால் ஜி-பே பதிவு, வாட்ஸ்அப்பில் அவர் “சீட் கன்பார்ம்” என்று அனுப்பின செய்தி, அழைப்புப் பட்டியல் எல்லாவற்றையும் அழியாமல் எடுத்து வையுங்கள். இந்தப் பணம் சேர்க்கைக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்று காட்ட அவைதான் சாட்சி.

கேட்பதை நேரில் போய்க் கேட்காதீர்கள். நேரில் போனால் “சேர்மன் ஊரில் இல்லை” என்று நான்கு முறை அலையவிடுவார்கள், அதற்குள் நாள் கடந்துவிடும். முதல்வர் பெயருக்கு ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். மாணவியின் பெயர், பிரிவு, பணம் கட்டிய தேதி, தொகை, ரசீது எண், சேர்க்கையிலிருந்து விலகுகிறோம் என்ற வாசகம், வங்கிக் கணக்கு எண், ஒரிஜினல் சான்றிதழ் கொடுத்திருந்தால் அவற்றின் பட்டியல் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். வராவிட்டால் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழு, அதற்கு மேல் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பு அலுவலர். 2023 விதிமுறைப்படி சேர்க்கைக்கு விண்ணப்பித்தவர்களும் இவர்களிடம் முறையிடலாம். கூடவே பல்கலைக்கழக மானியக் குழுவின் இ-சமாதான் தளத்தில் புகார் பதியுங்கள்; பொறியியல் என்றால் ஏ.ஐ.சி.டி.இ.க்கும். வக்கீல் நோட்டீஸ் தேவைப்பட்டால் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு, ஆகவே மனுவில் அம்மாவோ மகளோ கையெழுத்துப் போடட்டும்.

போன் நிற்க: “கவுன்சலிங்கில்தான் சேர்ப்போம், இனி கூப்பிட வேண்டாம்” என்று ஒரு முறை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட்டு, 1909-ல் விளம்பர அழைப்புத் தடை பதிவு செய்யுங்கள். அதன் பிறகும் வந்தால் அதே 1909-ல் எண், தேதி, நேரத்தோடு புகார் கொடுக்கலாம். கலந்தாய்வு பற்றிச் சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417-ஐக் கூப்பிடுங்கள். மகளின் போனிலும் அவர்கள் எண்ணை பிளாக் செய்துவிடுங்கள்; தேர்வுக்கு முந்தைய வாரம் அவர்கள் பேசுவது உங்களிடம் இருக்காது, அவளிடம்தான்.